பரிஸில் ஒரு பகல் நித்திரை

பலெர்மோ
12.01.2025

அன்புத் தங்கச்சி கிளறாவுக்கு,

அக்கா அகஸ்ரீனா எழுதிக்கொள்வது. நானும் மகள் றம்யாவும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் ஸ்ரீபனும் பிள்ளை மிதுசனும் எங்களைவிட நல்ல சுகத்தோடு இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன்.

கவரில் என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் இதுவரை வாசித்ததற்கு நன்றி. உன் கலியாணத்தன்று இரவு, இனி என்னோடு ஒரு வார்த்தையும் கதைப்பதில்லை என்று மாதா மேல் சத்தியம் பண்ணினாய். பதினொரு வருசமாகிறது. என் மனுசன் றோபேட் மோசம்போய் அடக்கம் பண்ணின நேரத்திலும் உன் பேரில் பூ வந்ததே தவிர உன் குரல் வரவில்லை. அவ்வளவு கெட்டியான சத்தியத்தை முறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் எழுதுவது கதைப்பது அல்லவே. இங்கே தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எழுதுங்கோ பிள்ளை, மாதாவுக்கு உதெல்லாம் விளங்கும்" என்றார்.

விசயம் இதுதான். றம்யா மார்ச் மாதம் பரிஸுக்கு வருகிறாள். இங்கே பல்கலைக்கழகத்தில் தாதிப் படிப்பு, கடைசி வருசம். கூடப் படிக்கிற மூன்று இத்தாலியப் பிள்ளைகளோடு வெள்ளி வந்து ஞாயிறு திரும்புகிற பயணம். ஈபிள் கோபுரம், நதி, மியூசியம் என்று பெரிய திட்டமெல்லாம் போட்டிருக்கிறார்கள். சொந்தச் சித்தி இருக்கிற ஊருக்குப் போய்ப் பிள்ளை கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தாள் என்றால் சனம் என்ன சொல்லும்? சனத்தை விடு, எனக்கே பொறுக்காது. ஒரு நேரச் சோறு உன் கையால் கொடுப்பாயா?

எங்கள் கோபம் அவளுக்குத் தெரியாது. சித்திக்கு வேலை கூட, அதனால்தான் போன் எடுப்பதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலை வீட்டுச் சிஞ்ஞோரா கூப்பிடுகிறா. எழும்பவேண்டும்.

என்றும் உன் அக்கா,
அகஸ்ரீனா

*

லா குர்நெவ், பரிஸ்
30.01.2025

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குளிர்தான் கூட. நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும்.

சத்தியம் சத்தியம்தான். உங்கள் சுவாமி சிரிக்கலாம், அவர் அன்றைக்கு இங்கே பரிஸில் அந்தக் கோவில் வாசலில் நிற்கவில்லை. நான் நின்றேன். அம்மா அப்பா இல்லாத எனக்கு முக்காட்டைப் போட்டுக் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டியவர் நீங்கள். அடுத்த கலியாணக்காரர் வந்து இறங்கும்வரை காத்திருந்தேன். கடைசியில் ஸ்ரீபனின் மாமியாம், எனக்குப் பேரும் தெரியாத ஒரு மனுசி, என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனா. இரவு நீங்கள் போனில் சொன்னது ஒரே ஒரு வசனம். "சிஞ்ஞோரா விடேல்லை." ஒரு கிழவியைக் கழுவித் துடைப்பது என் கலியாணத்தைவிடப் பெரிது என்று விளங்கிக்கொண்டேன். ஸ்ரீபனின் ஆட்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

பிள்ளை எனக்கு என்ன செய்தாள்? வரட்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுவாள் என்று எழுதுங்கள். நான் கடைசியாகப் பார்த்தது அவளுடைய முதல்நன்மைப் படம். இடுப்புவரை பின்னல் கிடந்தது.

அந்தச் சிஞ்ஞோரா இன்னும் இருக்கிறாவா?

கிளறா

*

பலெர்மோ
16.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது, ஏச்சும் வந்தது, இரண்டையும் சந்தோசமாக வாங்கிக்கொண்டேன். மிதுசனுக்கு இருமல் இல்லாமல் இருக்கவேண்டும். எனக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் சொல்வழி கேட்பதில்லை.

அதே சிஞ்ஞோராதான். தொண்ணூறு தாண்டிவிட்டா. இப்போது கட்டிலோடு. இரவில் மணியை அடித்து, வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்பா. பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்தால் திரும்பவும் அடிப்பா. பாவம், அவவுக்கும் பயம். நான் கிழமை முழுவதும் லிபெர்த்தா தெருவில், அவ வீட்டில், அவவோடுதான். ஞாயிறு பின்னேரம்தான் ஒரேத்தோவுக்கு, எங்கள் வீட்டுக்குப் போவேன். தாயும் மகளும் கண்டதும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சரிந்துவிடுவோம். கதை பேச்செல்லாம் குறைவு.

றம்யா வருவது மார்ச் 15, சனிக்கிழமை மத்தியானம். மற்றப் பிள்ளைகள் ஊர் பார்க்கப் போக, இவள் உன்னிடம் வருவாள். எதையும் சாப்பிடுவாள். காலையில் ஆஸ்பத்திரி வார்ட்டில் பயிற்சி, இரவில் பீற்சாக் கடையில் வேலை, இடையில் எங்கள் சனத்தில் யாருக்கு வயிற்றுக்குத்து வந்தாலும் டொக்டருக்கு இத்தாலியத்தில் எடுத்துச் சொல்ல றம்யாதான் வேண்டும். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் விசாக் காரியம் என்றாலும் றம்யாதான். ஏழு வயதில் ஏற்ற உத்தியோகம், சம்பளம் இன்னும் வரவில்லை. படிக்கத் தொடங்கிய பிறகு அவள் சும்மா ஒரு இடத்துக்குப் போவது இதுதான் முதல் தரம்.

வெறுங்கையோடு வருகிறாள் என்று குறை நினைக்காதே. மிளகாய்த்தூள் வறுத்து இடித்துத் தருகிறேன் என்றேன். "அம்மா, ஒரு முதுகுப்பைதான் கொண்டுபோகலாம்" என்று மறித்துவிட்டாள். சிஞ்ஞோராவுக்கும் ஒரு தும்மல் மிச்சம்.

உன் அக்கா

*

லா குர்நெவ்
04.03.2025

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். முழங்காலுக்கு உங்கள் பிள்ளையிடமே மருந்து கேளுங்கள், அவள் படிப்பது அதற்குத்தானே.

சனிக்கிழமை வேலையை இன்னொருத்தியோடு மாற்றிவிட்டேன். நான் விடியப்பறம் போய்க் கந்தோர்கள் துப்புரவாக்குகிறேன், தெரியும்தானே. அதற்கு அவளுக்கு நான் இரண்டு ஞாயிறு கொடுக்கவேண்டும். பரவாயில்லை. கணவாய்க் கறி, நண்டு, கத்தரிக்காய்ப் பொரியல், சொதி. வட்டிலப்பமும் அவிக்கிறேன். திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன். ஸ்ரீபன், "ஆர், ஜனாதிபதியோ வாறார்?" என்று கேட்கிறார். மிதுசன் கண்ணாடிக்கு முன்னால் நின்று "வாங்கோ அக்கா" என்று சொல்லிப் பழகுகிறான். அவனுக்கு அக்கா என்று கூப்பிட இதுவரை ஆள் இருக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு நேரமிருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு ஈபிள் கோபுரத்தில் ஏறலாம் என்று யோசிக்கிறேன். இத்தனை வருசத்தில் நானும் ஏறியதில்லை. வந்த புதிதில் கீழே நின்று படம் எடுத்ததோடு சரி.

எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இது பிள்ளைக்காக.

கிளறா

*

லா குர்நெவ்
24.03.2025

அக்காவுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கும் மன்றாடுகிறேன்.

பிள்ளை வந்து போனாள். ஒரு குறையும் இல்லை. கணவாயை விரும்பிச் சாப்பிட்டாள். மிதுசன் அவளை விட்டு அசையவில்லை. பின்னேரம் பிடித்து இருத்தி, எண்ணெய் வைத்துத் தலை இழுத்துப் பின்னிவிட்டேன். உங்களுடைய தலைமயிர்தான், ஒரு கைக்குள் அடங்கவில்லை. நேரம் போதாமல் கோபுரத்துக்குப் போகவில்லை. மிஞ்சிய கறியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

பயணம் போய் வந்த பிள்ளை. அலுப்பாக இருப்பாள். எதையும் கேட்டு ஏசவேண்டாம்.

கிளறா

*

பலெர்மோ
06.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்கள் மூவரும் சுகமென்று அறிந்து ஆறுதல். நான் இருக்கிறேன்.

கடிதம் கிடைத்தது. தலை பின்னிவிட்டதற்கு நன்றி. அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். றம்யாவுக்கும் வாசிக்கக் கொடுத்தேன். இந்தமுறை வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா

*

பலெர்மோ
13.04.2025

அன்புள்ள சித்திக்கு,

நான் றம்யா. நீங்கள் சுகமா? நான் சுகம். அம்மாவும் சுகம் என்று சொல்லச் சொல்லுவா. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ், பிழை இருந்தால் மன்னியுங்கள். போனில் எழுதியிருப்பேன். சித்தி கடிதம் என்றால்தான் வாசிப்பா என்று அம்மா சொன்னா.

போன ஞாயிறு அம்மா உங்கள் கடிதத்தை மேசையில் வைத்து "வாசி" என்றா. வாசித்தேன். பின்னல் என்ற இடம் வந்ததும் எனக்குக் காது சுட்டது. சித்தி, எனக்குப் பின்னத் தலைமயிர் இல்லை. கிறிஸ்மஸுக்கு முன்பே கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டேன். வார்ட்டுக்குப் போகிற அவசரத்தில் அதை வாரிக் கட்ட நேரமில்லை. நீங்கள் ஏசுவீர்கள் என்று அம்மா உங்களுக்கு எழுதாமல் விட்டிருக்கிறா. அம்மா என் தலையைப் பார்த்தா. பிறகு சோறு போட்டா. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

உங்கள் வீட்டில் சாப்பிட்டேன் என்று அம்மாவுக்கு நான் பொய் சொன்னேன். நீங்களும் ஏன் அதையே எழுதினீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நடந்தது இதுதான். வியாழன் இரவு பீற்சாக் கடையில் வேலை முடிய நேரமாகிவிட்டது. அப்படியே விடிய விமானம். வெள்ளி முழுக்க நடந்தோம். சனி காலை மற்றவர்கள் கோபுரம் பார்க்கப் போக, நான் உங்களிடம் வர வெளிக்கிட்டேன். காற்சட்டை போட்டு, ஒரு சப்பாத்தும் போட்டாயிற்று. மற்றதைப் போடக் கட்டிலில் இருந்தேன். முழிக்கும்போது தெரு விளக்கு எரிகிறது. மற்றச் சப்பாத்து கையில் இருக்கிறது. போனில் சித்தப்பா எடுத்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. திருப்பி எடுத்திருக்கலாம். பரிஸுக்கு வந்து நித்திரையாகிவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எடுக்கவில்லை. நான் பார்த்த பரிஸ் பாதிக்குமேல் அந்த அறையின் சுவர்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வர எனக்குக் கொஞ்சம் பஞ்சியாகவும் இருந்தது. ஆரின்ர மகள், என்ன படிக்கிறாய், எப்ப கலியாணம் என்று ஒருவரும் கேட்காத இரண்டு நாள் வேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்காக வராமல் விடவில்லை. வெளிக்கிட்டுத்தான் இருந்தேன். மிதுசனிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
றம்யா

*

லா குர்நெவ்
02.05.2025

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. சுகமாக இருங்கள்.

பிள்ளையின் கடிதம் வந்தது. நித்திரையாம். உலகத்தில் எத்தனையோ சனம் காசு சேர்த்துப் பரிஸ் பார்க்க வருகிறது, கட்டிலில் படுக்கவா வருகிறது? தாய் சொன்னது சிஞ்ஞோரா விடவில்லை. மகள் சொல்கிறது நித்திரையாகிவிட்டேன். உங்கள் வீட்டுச் சாட்டுகளுக்கு நான்தான் அகப்பட்ட ஆள்.

மிதுசன் புதுச் சேட்டோடு யன்னலில் நின்றான். இருட்டிய பிறகு தானே போய்க் கழற்றினான். "உன்ர ஆக்கள் இப்பிடித்தான்" என்று ஸ்ரீபன் சொன்னார். அந்த ஒரு வசனமே எனக்குக் காணும். கணவாயை உறையவைத்து ஒரு கிழமை சாப்பிட்டோம்.

ஏன் பொய் எழுதினேன் என்று பிள்ளை கேட்கிறாள். உங்களைக் காப்பாற்ற இல்லை. இரண்டாம் தரமும் என்னைக் காக்கவைத்துவிட்டார்கள் என்று என் கையாலேயே எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் வந்ததாக எழுதத் தொடங்கினேன், எழுத எழுத உண்மையாகவே என் முன்னால் இருத்திப் பின்னிவிட்ட மாதிரி இருந்தது. அந்த நேரம் சந்தோசமாகவும் இருந்தது. அதற்கும் இப்போது வெட்கப்படுகிறேன்.

இனி எழுதுவதையும் அந்தச் சத்தியத்தில் சேர்த்துவிடுகிறேன். சுவாமியிடம் கேட்கத் தேவையில்லை.

கிளறா

*

பலெர்மோ
18.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ இதை வாசிப்பாயோ தெரியாது. வாசித்தால், உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும் என்பதை முதலில் வாசி.

என்னை ஏசு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. பிள்ளையைப் பொய்க்காரி என்று மட்டும் நினைக்காதே. அவள் சொன்னதை நான் கேட்ட உடனேயே நம்பினேன். அந்த நித்திரை உனக்குத் தெரியாது, கிளறா. நாலைந்து இரவு முழித்திருந்த ஆளுக்கு அது வருகிற விதம் வேறு. படுக்கப் போகிறவரை அது பிடிக்காது. வெளிக்கிட்டு, சீலை உடுத்து, பூவும் வைத்து, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, டக்சி வரும்வரைக்கும் ஒருக்கால் இருப்பம் என்று கதிரையில் இருக்கிற ஆளைத்தான் பிடிக்கும். கீழே டக்சிக்காரன் ஹோன் அடித்திருப்பான். உள்ளே மணியும் அடித்திருக்கும். ஒன்றும் கேட்காது. கண் முழிக்கும்போது வெயில் மற்றப் பக்கத்துச் சுவரில் கிடக்கும். அதைக் கண்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று விளங்கும். பிறகு போனைக் கையில் எடுத்தால் உண்மையைச் சொல்ல வாய் வராது. நாலு பேர் மதிக்கிற மாதிரி வேறு ஏதாவதுதான் வரும்.

என்னிடம் ஒருமுறை மறைத்தாலும், உனக்கு எழுதும்போது றம்யாவுக்கு வேறு ஏதாவது சொல்லத் தெரியவில்லை. என்னைவிட நல்ல பிள்ளை. அவளை மன்னித்துவிடு.

அக்கா

*

பலெர்மோ
16.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமா? இங்கே சாந்தா றோசாலியா திருவிழா முடிந்தது. எங்கள் சனமெல்லாம் தெருவில்தான். நான் சிஞ்ஞோராவின் யன்னலால் வாணவேடிக்கை பார்த்தேன்.

உன் பதில் வரவில்லை. அங்கே யாருக்கும் சுகமில்லையோ என்று யோசனையாக இருக்கிறது. எழுதப் பிடிக்காவிட்டால் எழுதவேண்டாம். உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒரு கவரை மட்டும் போட்டுவிடு, இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

ஓகஸ்ட்டில் சிஞ்ஞோராவை மகள் கடற்கரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறா. எனக்கு இரண்டு கிழமை லீவு. ஒரேத்தோ வீட்டில்தான் இருப்பேன்.

அக்கா

*

லா குர்நெவ்
27.07.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லாரும் சுகம். பயப்படவேண்டாம். முழங்கால் எப்படி?

உங்கள் மே மாதக் கடிதத்தை வந்த அன்றைக்கே வாசித்தேன். கோபத்தோடு வாசித்தபடியால் பிள்ளைக்காக வழக்குப் பேசுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

போன கிழமை வேலை முடிந்து ரெயினில் வந்துகொண்டிருந்தேன். அடுத்தது நான் இறங்குகிற இடம். எழும்பி நிற்கத்தான் பையைத் தோளில் கொழுவினேன். ஒரு மனுசன் தட்டி எழுப்பும்போது ரெயின் கடைசி ஸ்ரேசனில் நிற்கிறது, வேறு ஒருவரும் இல்லை. பை தோளில் அப்படியே இருக்கிறது. ஸ்ரீபன் வேலைக்குப் போய்விட்டார், மிதுசன் வீட்டில் தனிய. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அழுது முகம் வீங்கி நிற்கிறான். "ஏனம்மா பிந்தினீங்கள்?" என்று கேட்டான். "ரெயின் பழுது அப்பன்" என்றேன். சொன்ன வாய் மூடமுதல் உங்கள் ஞாபகம் வந்தது. அவனைச் சாப்பிட இருத்திவிட்டு லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன்.

அக்கா, றம்யாவுக்குச் சீலை ஏது? அவள் காற்சட்டையும் ஒற்றைச் சப்பாத்தும் போட்டிருந்த பிள்ளை. அவளுக்கு டக்சி ஏது, பூ ஏது, உள்ளே மணி அடிக்க ஆள் ஏது? என்னுடைய கலியாணத்துக்குச் சீலை உடுத்துக்கொண்டு அந்தக் கதிரையில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்கு நித்திரையாகிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன், அதுவும் உண்மைதான். இத்தனை வருசமும் அந்தக் கிழவியைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். என் பேரில் அவவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கள். அது என்ன நிறச் சீலை என்று மட்டும் ஒருநாள் சொல்லுங்கள்.

ஓகஸ்ட்டில் ஒரேத்தோவில் இருக்கவேண்டாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். கோபுரம் பார்க்கவேண்டும், மியூசியம் பார்க்கவேண்டும் என்ற கரைச்சல் ஒன்றும் இல்லை, அவை எங்கேயும் போகாது. மிதுசனின் அறையை உங்கள் இருவருக்கும் ஒழுங்கு பண்ணித் தடித்த திரைச்சீலை போட்டிருக்கிறேன். சத்தம் போடக்கூடாது என்று அவனுக்கும் சொல்லியாயிற்று. என்னுடைய சத்தியத்தை நினைத்தும் யோசிக்கவேண்டாம், வந்த உடனே ஒருவரும் கதைக்கத் தேவையில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கும். படுங்கள், அக்கா. நான் எழுப்பமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
கிளறா